மிச்சத்தில் ஒரு ஜப்பான்

சோபா வாசலில் இறுகிவிட்டது. வெளியேயும் வரவில்லை, உள்ளேயும் போகவில்லை.

"இன்னும் கொஞ்சம் சரியும், பாஸ்கரன்!" உள்ளேயிருந்து யேசுரட்ணம் கத்தினார்.

"சரிச்சால் கதவுநிலை பேந்திடும் அண்ணை. நல்ல சோபாவெல்லே, ஏன் வெளியில எறியிறியள்?" என்றான் பக்கத்து வீட்டுப் பாஸ்கரன்.

"நாளைக்கு ஹயாஷி சாப்பிட வாறார். ஜப்பான்காரர் நிலத்திலதான் இருப்பினம்."

சோபா வெளியே வந்தது. கதவுநிலையில் ஒரு துண்டும் கூடவே வந்தது.

லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் குடியிருந்த யேசுரட்ணம் ஒரு ஜப்பானியக் கொம்பனியில் போட்டோகொப்பி மெஷின் திருத்துபவர். அந்த எண்பத்தொன்பதாம் ஆண்டின் தொடக்கத்தில் கொம்பனி அவரை நகோயாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. போனவர் வேறு ஆளாகத் திரும்பி வந்தார். அங்கே டாக்சிக் கதவு தானாகத் திறக்குமாம். டெலிபோனில் பேசுகிறவனும் குனிந்து வணங்குவானாம். கியோட்டோவில் ஒரு சத்திரத்தில் தங்கினாராம். அறையில் ஒரு பாய், ஒரு பூ, வேறொன்றும் இல்லையாம்.

"ஒண்டுமில்லாததுதானப்பா அழகு," என்று மனைவி பெர்னடெற்றிடம் சொன்னார்.

"ஒண்டுமில்லாமல்தானே பிளேன் ஏறி வந்தனாங்கள். அப்ப ஏன் அந்த அழகு ஒருத்தருக்கும் தெரியேல்லை?"

இப்போது நகோயாத் தலைமையகத்துக்கு ஓர் ஆளை நிரந்தரமாக அனுப்பப் போகிறார்கள். கொம்பனி வீடு, கொம்பனிக் கார். குரோய்டனில் இருக்கும் கீத் என்பவனா, மிச்சம் யேசுரட்ணமா என்று மனேஜர் ஹயாஷி யோசித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிட வரும்படி யேசுரட்ணம் அழைத்துவிட்டார். பெர்னடெற் ஏற்கெனவே தமிழர்கள் நிறைந்த டூட்டிங் முழுக்கப் பயணம் சொல்லிவிட்டாள்.

சோபா போன இடத்தில் கார்ப்பெட் கடும் பச்சையாகத் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் வெளிறிப்போயிருந்தது. நடுவில் அயன்பெட்டி சுட்ட கறுப்பு வேறு.

"ஜப்பான் பாய் போட்டு மூடலாம்," என்றார் யேசுரட்ணம்.

ஜப்பான் பாய் லண்டனில் எங்கே விற்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. பாஸ்கரன் டூட்டிங்குக்குப் போய் யாழ்ப்பாணத்துப் பன்பாய்கள் வாங்கி வந்தான். விரித்தால் ஓரமெல்லாம் சுருண்டு எழும்பியது. பெர்னடெற் பித்தளைச் செம்புகளில் தண்ணீர் நிரப்பி மூலைக்கொன்றாக வைத்தாள்.

அடுத்தது சாப்பாட்டு மேசை. அதன் காலை அரிந்தால் ஜப்பான் மேசை. பாஸ்கரன் அரிந்தான். ஒரு பக்கம் ஆடியது. மற்றப் பக்கத்தை அரிந்தான். இந்தப் பக்கம் ஆடியது.

"காணும், நிப்பாட்டும்!" என்று யேசுரட்ணம் பதறியபோது மேசை பலகையாகிவிட்டிருந்தது.

"இனி ஆடாது அண்ணை," என்றான் பாஸ்கரன்.

கியோட்டோச் சத்திரத்தில் உடுக்கக் கொடுத்த நீளச் சட்டையை, 'தவறுதலாக', பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார் யேசுரட்ணம். அதைப் பெர்னடெற்றின் சிவப்புச் சட்டையோடு சேர்த்து மெஷினில் போட்டார். வெளியே வந்தபோது அது ரோஸ் நிறத்தில், ஒரு குழந்தைக்கு அளவாக இருந்தது.

"வேட்டியைக் கட்டுங்கோ," என்றாள் பெர்னடெற். "அதுவும் சுத்திக் கட்டுறதுதானே."

ஜப்பான் வீட்டில் இருக்கிற மாதிரிக் குள்ளமரம் ஒன்று வேண்டும் என்றார் யேசுரட்ணம். யன்னலில் இருந்த கறிவேப்பிலைக் கன்றை ஒரு பக்கமாக வெட்டிச் சரித்து அறையின் நடுவில் வைத்தார்.

"பச்சை மீன் வெட்டி வைப்பமே?"

"பச்சை மீனை மனிசருக்குக் குடுத்திட்டு நான் எந்தச் சுவாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனம் செய்யிறது? விளைமீன் குழம்புதான். சோறுக்குச் சோறு, மீனுக்கு மீன். ஜப்பான் சாப்பாடுதானே!"

மறுநாள், கடைசி நேரத்தில் தடுமாறிய யேசுரட்ணம் பாயில் அடுக்கியிருந்த கிண்ணங்களை மிதித்து நொறுக்கினார். சைனீஸ் கடையில் வாங்கிய சாப்பாட்டுக் குச்சிகளோ கழுவிக் காயவைத்த ஹீட்டருக்குப் பின்னால் விழுந்துவிட்டன. பாஸ்கரன் வீட்டில் வாழையிலை இருந்தது.

"இலை ஜப்பான்தான்," என்று யேசுரட்ணம் தனக்குத் தானே ஆறுதல் சொன்னார். "கியோட்டோவிலயும் ஒரு கறியை இலையிலதான் தந்தவங்கள்."

அன்று மாலை ஹயாஷியும் மனைவியும் மழையில் நனைந்துகொண்டிருந்த சோபாவைத் தாண்டி வந்து மணியடித்தார்கள்.

வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார்கள். யேசுரட்ணம் குனிந்தார். எத்தனை பாகை குனிவது என்று பயிற்சியில் சொல்லித் தந்தது மறந்துபோய்விட, பதற்றத்தில் கை தானாகக் கூப்பிக்கொண்டது. பாடமாக்கி வைத்திருந்த ஜப்பானிய வரவேற்பை ஒரே மூச்சில் ஒப்புவித்தார்.

ஹயாஷி கண்களை மூடிக் கேட்டார். பிறகு ஆங்கிலத்தில், "எவ்வளவு அழகான மொழி!" என்றார்.

யேசுரட்ணம் மனைவியைப் பார்த்தார். "பாத்தியே?" என்றது அந்தப் பார்வை.

இருவரும் பாயில் மெல்ல மெல்ல இறங்கினார்கள். மிசிஸ் ஹயாஷி காலை மடித்தாள், நீட்டினாள், மீண்டும் மடித்தாள். ஹயாஷி செம்பைத் தொட்டுப் பார்த்தார். கறிவேப்பிலைக் கன்றை முகர்ந்தார். இலையைப் பார்த்தார். "ஆ..." என்றார் ஒவ்வொன்றுக்கும்.

"கையால் சாப்பிடலாமா?"

"கையாலதான், சேர்!"

குழம்பு ஹயாஷியின் முழங்கைவரை வழிந்தது. கண்ணில் நீர் வந்தது. மூன்று தரம் சோறு கேட்டு வாங்கினார்.

"இஞ்சாருங்கோ," என்று குசினிக்குள் பெர்னடெற் கிசுகிசுத்தாள், "மனிசன் அழுகுது."

"ஊர் நினைவு வந்திட்டுதப்பா. பாவம், எத்தினை காலமாச்சோ இப்பிடி இருந்து சாப்பிட்டு! கீத்தின்ரை கதை முடிஞ்சுது. நீ குளிர் உடுப்பு வாங்க ஆயத்தப்படு."

விடைபெறும்போது ஹயாஷிக்குக் கால் விறைத்துப்போயிருந்தது. யேசுரட்ணமும், பரிமாற உதவிக்கு வந்திருந்த பாஸ்கரனும் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினார்கள். அவர் யேசுரட்ணத்தின் கையை நீண்ட நேரம் பிடித்திருந்தார். குனிந்து வணங்கிவிட்டு, நொண்டி நொண்டிக் காருக்குப் போனார்.

"மனம் நிறைஞ்சுபோச்சு அந்தாளுக்கு," என்று பாஸ்கரன் மெல்லச் சொன்னான்.

அதுவரை அதிகம் பேசாத மிசிஸ் ஹயாஷி சப்பாத்தைப் போட்டுக்கொண்டே பெர்னடெற்றின் பக்கம் திரும்பினாள்.

"நகோயாவுக்கு உங்கள் கணவரைத்தான் அனுப்புவதாக இருந்தது," என்றாள் தணிந்த குரலில். "ஆனால் லண்டனுக்கு வந்தும் பாயும் செம்பும் வாழையிலையுமாக அச்சொட்டாகத் தமிழராகவே வாழும் ஒரு குடும்பத்தைப் பிடுங்கிக்கொண்டுபோய், எங்கள் ஊர்ச் சோபாவிலும் சாப்பாட்டு மேசையிலும் உட்காரவைப்பது பாவம் என்று சாப்பிடும்போது அவர் என் காதுக்குள் சொன்னார்."