ஆளுயர ஜினியாவும் சுத்துற ஸ்டூலும்

போன ஞாயித்துக்கெழம எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலதான். வூட்டுப் பின்னாடி இருக்குற ஜினியா செடிங்களுக்கு முன்னாடி ஒரு ஜோடிய நிக்கவச்சி நாலு போட்டோ எடுக்கணும். அவ்ளோதான்.

ஜமுனாமரத்தூர்ல எனக்கு சின்னதா ஒரு போட்டோ ஸ்டூடியோ. முன்பக்கம் கட, பின்பக்கம் வூடு. பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, மஞ்சத்தண்ணின்னு ஓடினு இருந்துது. இப்ப வர்றவங்க எல்லாரும் அவுட்டோர்ல எடுக்கணும்ன்றாங்க. சுத்திலும் இவ்ளோ பெரிய மல இருக்கு. என் கடையில இருக்கறது சுவத்துல மாட்டின சுவிட்சர்லாந்து துணி. அதுவும் மடிச்சி மடிச்சி, பனிமல நடுவுல நேரா ஒரு கோடு ஓடும்.

அதுக்குதான் ஜினியா போடலாம்னு முடிவு பண்ணேன். வெத பாக்கெட் மேல இருந்த படத்துல தோள் ஒசரத்துக்கு செடி. ஒவ்வொரு பூவும் டீ சாஸர் அளவுக்கு. செவப்பு, ஆரஞ்சு, ரோஸு. இதுக்கு முன்னாடி யார் நின்னாலும் அழகாதான் தெரிவாங்க, போட்டோகிராபருக்கு திறமையே தேவப்படாதுன்னு தோணிச்சி. எனக்கு சரியான செடி.

பின்னாடி ரெண்டடி ஒசரத்துக்கு கல்லு அடுக்கின மண்ணு மேடு ஒண்ணு இருக்கு. அதுல தூவினேன். தூவினேன்னா, கீரை வெத தூவுற மாதிரி. செடிக்கு செடி ஒரு அடி எடம் விடணும்னு பாக்கெட்ல போட்டிருந்துது. அத நான் படிச்சது எல்லாம் மொளச்சப்பறம்.

பக்கத்து நெலத்துல சாமை போடுற காசியம்மாக்கா வேலி மேல எட்டிப் பாத்தாங்க.

"இன்னா தம்பி, இவ்ளோ நெருக்கமா கீது? பாதிய புடுங்கிப் போடு."

"பாவம்க்கா. மொளச்சிட்டுது."

"செரி, ஒரு சாண் வந்ததும் நுனிய கிள்ளி வுடு. பக்கத்துல கெளச்சி, கீழேர்ந்து மேல வரைக்கும் பூ வெக்கும்."

"கிள்ளினா குள்ளமாய்டுமேக்கா. எனக்கு ஒசரம் வேணும்."

"ஒசரமா? செரி"ன்னுட்டு போய்ட்டாங்க. அந்த 'செரி'ய வச்சி, அவங்க ஒத்துக்கிட்டதா நான் நெனச்சிக்கிட்டேன்.

ரெண்டு மூட்ட ஆட்டெரு போட்டேன். பத்தலன்னு யூரியாவும் போட்டேன். செடிங்க வளந்துச்சி பாருங்க, ஒண்ண ஒண்ணு முந்திக்கினு, பஸ்ல சீட்டுக்கு ஓடுற மாதிரி. என் பொண்டாட்டி செல்வி ஒருநாள் காபி டம்ளரோட நின்னு பாத்துட்டு, "இன்னாங்க, வளருதா, உங்கள விட்டு தப்பிச்சி போவுதா?"ன்னு கேட்டா.

அப்பறம் மொதல் பூ பூத்துது. ஒரே பூ. அத நான் கீழ படுத்து, பக்கத்துல உக்காந்து, மேல ஏறி, பத்து விதமா எடுத்து ஸ்டேட்டஸ் வச்சேன். பாத்தவங்களுக்கு ஒரு ஏக்கர் மாதிரி தெரிஞ்சிது. அது தொழில் தெரம.

அன்னிக்கு சாயங்காலமே படவேட்டுலேர்ந்து போன். பேரு கார்த்தி. நிச்சயதார்த்தம் முடிஞ்சிடுச்சாம்.

"அண்ணா, உங்க பூந்தோட்டத்துல எங்க ரெண்டு பேரையும் வச்சி எடுக்கணும். நல்லா வந்துதுன்னா கல்யாணத்துக்கும் உங்களையே சொல்லிடலாம்."

கல்யாண ஆர்டர். மலைக்கு கீழ எனக்கு கெடைக்கப்போற மொத கல்யாணம். "மூணு வாரம் கழிச்சி வாங்க, உச்சத்துல இருக்கும்"னு சொல்லிட்டேன். அப்ப பூந்தோட்டம்னா அந்த ஒத்த பூதான்.

மூணு வாரத்துல பூக்கத்தான் செஞ்சிது. அம்பது பூவுக்கு கொறயாது. ஆனா எல்லாமே உச்சியில. கீழ வெறும் தண்டு. எல எல்லாம் வெள்ள பூத்துப்போயி, மாவு மில்லுல வேல செஞ்சிட்டு வந்த மாதிரி நின்னுது. "கீழ்பக்கம் போட்டோவுல வராது"ன்னு செல்விகிட்ட தைரியமா சொன்னேன்.

சனிக்கெழம மத்தியானம் காத்தும் மழையும். செடிங்க மொத்தமா ஒரு பக்கம் சாஞ்சிடுச்சி. காசியம்மாக்கா மறுபடி வேலிக்கு வந்தாங்க.

"ஒண்ணொண்ணுக்கும் ஒரு குச்சி நட்டு கட்டு தம்பி."

"நூறு செடிக்கு நூறு குச்சிக்கு எங்கக்கா போவேன்?"

நான் புத்திசாலி இல்லையா. கொய்யா மரத்துலேர்ந்து துணி காயப்போடுற கம்பம் வரைக்கும் ஒரே ஒரு நைலான் கயிறு. ஆல்பத்துக்கு வச்சிருந்த ரிப்பன வெட்டி, எல்லா செடியையும் அந்த ஒரே கயித்துல கட்டி நிமுத்திட்டேன். அர மணி நேரத்துல வேல முடிஞ்சிது. காசியம்மாக்கா தலைய ஆட்டிக்கினே நெலத்துக்கு போய்ட்டாங்க.

ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு கார் வந்துது. கார்த்தி, அவரு கட்டிக்கப்போற பொண்ணு தீபா, பொண்ணோட அம்மா. பெரியவங்க பேசி முடிச்ச கல்யாணம். ரெண்டு பேரும் இன்னும் ஒழுங்கா பேசிக்கலன்றது பாத்ததுமே தெரிஞ்சிது. ரெண்டு பேருக்கும் நடுவுல இன்னொரு ஜோடிய நிக்கவைக்கலாம், அவ்ளோ இடைவெளி.

முன்னாடி நிக்கவச்சி கேமராவுல பாத்தேன். ரெண்டு மூஞ்சி. பின்னாடி பச்ச தண்டு. பாக்க ரெண்டு பேரும் கரும்புக் கொல்லையில வழி தவறினவங்க மாதிரி இருந்தாங்க. நாந்தான் மேட்டு மேல வெத போட்டவனாச்சே. பூவெல்லாம் அவங்க தலைக்கு மேல எங்கயோ ஆடினு இருந்துது.

பொண்ணோட அம்மா கேட்டாங்க: "தம்பி, பூ எங்க?"

"மேல இருக்கும்மா."

"எங்க பொண்ணு கீழ இல்ல நிக்கிது?"

நியாயமான கேள்வி. ஓடிப்போயி ஒரு மர பெஞ்சு எடுத்தாந்து தீபாவ ஏத்தினேன். சின்ன பெஞ்சு, ஒரு ஆளுக்குதான் எடம். மாப்பிள்ளைக்கு இன்னா பண்றது? ஸ்டூடியோவுல பாஸ்போர்ட் போட்டோவுக்கு வச்சிருக்குற சுத்துற ஸ்டூல கொண்டாந்தேன்.

கார்த்தி ஏறி நின்னாரு. "அண்ணா, இது ஆடுது."

"ஆடாது. ஊர்ல பாதி பேரு இதுல உக்காந்துதான் போட்டோ எடுத்திருக்காங்க."

"அவங்க உக்காந்தாங்கண்ணா. நான் நிக்கிறேன்."

அத நான் காதுல வாங்கல. ஏன்னா இப்பதான் கேமராவுல எல்லாம் சரியா வந்திருந்துது. மூஞ்சிங்களுக்கு பக்கத்துல பெருசு பெருசா பூ. ஒரு கொற மட்டும்தான்.

"தீபா, கொஞ்சம் சிரிங்கம்மா."

"சிரிச்சினுதாங்க இருக்கேன்."

சரி, மாப்பிள்ளையையாவது சரி பண்ணுவோம்னு, "கார்த்தி, பொண்ணு பக்கம் லேசா திரும்புங்க"ன்னேன்.

அவரு லேசாதான் திரும்புனாரு. மிச்சத்த ஸ்டூலு பாத்துக்கிச்சி. பொண்ண பாத்தாரு, பூவ பாத்தாரு, வேலிக்கு அந்தாண்ட நின்ன காசியம்மாக்காவ பாத்தாரு, என்னைய பாத்தாரு. ரெண்டாவது சுத்துல கைக்கு கெடச்சத புடிச்சாரு. கைக்கு கெடச்சது நைலான் கயிறு.

மழையில ஊறின மண்ணு. கம்பம் அப்படியே வேரோட வந்த மாதிரி வந்துது. கயித்துல கட்டியிருந்த நூறு ஜினியாவும் ஒண்ணா குனிஞ்சி, மாப்பிள்ள மேல படுத்துக்கிச்சி.

நான் ஓடினேன். ஓடுனத இங்க உண்மையா சொல்லிடறேன், அவர தூக்க ஓடல. செடிய தூக்க ஓடினேன். நாலஞ்சி தண்ட நிமுத்தி புடிச்சினு நிக்கிறேன், அடியிலேர்ந்து குரல் வருது.

"அண்ணா, இதுக்கு கீழ நான் இருக்கேன்."

பொண்ணோட அம்மா நெஞ்சுல கை வச்சிக்கினாங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே மாப்பிள்ளையோட கால ஒடச்சவன்னு படவேடு பூரா பேர் ஆய்டுமே. கட ஷட்டர எறக்கிட்டு வேற ஊருக்கு போய்டலாமான்னு கூட ஒரு நிமிஷம் நெனச்சேன்.

எலைங்கள வெலக்கினு கார்த்தி எழுந்து உக்காந்தாரு. மூஞ்சி பூரா சேறு. காதுல ஒரு எல. கையில ஒடஞ்ச ஜினியா ஒண்ணு, நல்ல செவப்பு. அத தீபா பக்கம் நீட்டினாரு.

"எவ்ளோ கஷ்டப்பட்டு பறிச்சிருக்கேன் பாருங்க. வாங்கிக்கோங்க."

தீபா பெஞ்சு மேலயே உக்காந்துடுச்சி. வயித்த புடிச்சினு சிரிக்குது. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு சிரிச்சிட்டு, பூவ வாங்கிக்கினு, "எங்கயாவது அடி பட்டுச்சா?"ன்னு கேட்டுது. அந்த பொண்ணு அவரோட தானா பேசின மொத பேச்சே அதுதான்னு அவங்க அம்மா அப்பறமா செல்விகிட்ட சொன்னாங்களாம். நல்லவேளை, அடி எதுவும் இல்ல. மண்ணு மெத்து மெத்துன்னு இருந்துது. ரெண்டு மூட்ட ஆட்டெரு.

அப்பதான் எனக்கு உறச்சிது. இது எப்பேர்ப்பட்ட போட்டோ. திரும்பி பாத்தா கேமரா ஸ்டாண்டு மேல அம்போன்னு நிக்கிது. நான் இங்க ரெண்டு கையிலயும் செடிய புடிச்சினு நிக்கிறேன்.

சமையக்கட்டு வாசப்படியிலேர்ந்து செல்வி செல்போன நீட்டினா. "நான் எடுத்துட்டேன்."

பாத்தேன். சுத்திலும் பூ சிதறி கெடக்குது, நடுவுல சேத்தோட அவரு கைய நீட்டறாரு, இந்த பொண்ணு சிரிக்குது. இருவது வருஷத்துல நான் அப்படி ஒரு போட்டோ எடுத்தது இல்ல. ஓரத்துல மட்டும் குனிஞ்ச மாதிரி ஒரு முதுகு. அது நான்.

"அத கட் பண்ணிக்கலாம்"னு செல்வி சொன்னா.

கார்த்தி என் சட்டைய போட்டுக்கினு போனாரு. ஒடஞ்ச பூவையெல்லாம் பொண்ணோட அம்மா பை நெறைய எடுத்துக்கினாங்க. அவங்க போனதும் காசியம்மாக்கா கத்தியோட வந்து, மிச்சத்த முட்டி ஒசரத்துக்கு அறுத்து வுட்டாங்க. "ஒரு மாசத்துல எல்லாம் கெளச்சி பூத்துடும், கவலப்படாத"ன்னாங்க.

பொதங்கெழம கார்த்தி போன் பண்ணாரு.

"அண்ணா, அந்த போட்டோவ வூட்ல எல்லாரும் பாத்துட்டாங்க. கல்யாணத்துக்கும் உங்க வூட்டுலேர்ந்துதான் எடுக்கணும்னு முடிவு பண்ணிட்டோம்."

"கண்டிப்பா வந்துடறேன் தம்பி. லைட்டு, லென்ஸு எல்லாம் எடுத்தாறேன்."

"இல்லண்ணா. அண்ணி வந்தா போதும்."

"அப்ப நான்?"



"நீங்க பூ எடுத்துனு வாங்கண்ணா."