தலோவாவின் 11அ அமைச்சரவை

குக்கரின் இரண்டாவது விசிலுக்கும் மூன்றாவது விசிலுக்கும் நடுவில், தலோவா நாட்டின் அமைச்சரவை பதினொன்றா பன்னிரண்டா என்ற சிக்கல் வந்துவிட்டது.

காயத்ரி கையைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தாள். இணையக் கலைக்களஞ்சியத்தின் உரையாடல் பக்கத்தில் கூர்வாள் எழுதியிருந்தார். அது புனைபெயர். உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. கோபம் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

"தலோவாவின் பிரதமர் மனேகா இரண்டு முறை பதவியேற்றிருக்கிறார். முதலில் பதினேழு நாள் இடைக்காலப் பிரதமர். பிறகு முறையான பிரதமர். இரண்டு பதவியேற்பு என்றால் இரண்டு அமைச்சரவை. இதைக்கூட எண்ணத் தெரியாதவர், எண்ணை விதியாக்க வந்திருக்கிறார்."

காயத்ரிக்குக் காது சூடானது. எதிரில் யாரும் இல்லாதபோதும் அவளுக்கு வெட்கம் வரும். இயற்பியலில் முதல் வகுப்பு வாங்கியவள்தான். ஆனால் கல்லூரியில் மூன்று வருடமும் வருகைப் பதிவின்போது அவள் சொன்ன 'உள்ளேன்' முதல் பெஞ்சைத் தாண்டிப் போனதில்லை. வகுப்பில் உட்கார்ந்தபடியே ஆப்சென்ட் வாங்கியிருக்கிறாள்.

அப்படிப்பட்டவள் உலகத்திடம் கேட்ட ஒரே விஷயம் இந்த விதி.

கலைக்களஞ்சியத்தில் ஒவ்வொரு நாட்டு அமைச்சரவையையும் ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி தலைப்பிட்டு வைத்திருந்தார்கள். ஒருவர் பிரதமர் பெயரில், ஒருவர் ஆண்டுக் கணக்கில், ஒருவர் கட்சியின் பெயரில். தேடுகிறவர் தொலைந்துபோவார். காயத்ரி சொன்னது எளிய வழி: நாட்டின் பெயர், எண், அமைச்சரவை. அவ்வளவுதான். நிலக்கரிச் சுரங்க நகரியத்தின் பிளாக் இருபத்தொன்றில் பிறந்து, பிளாக் நம்பரும் குவார்ட்டர்ஸ் நம்பரும் சொல்லியே வீடு திரும்பிப் பழகியவளுக்கு அது இயல்பாகத் தோன்றியது. முதல் சுரங்கம், இரண்டாம் சுரங்கம் என்று இருக்கிற ஊரில் யாரும் வழி தவறியதில்லை.

நாற்பது நாடுகளை முடித்துவிட்டாள். நாற்பத்தொன்றாவது, தலோவா. பசிபிக் கடலில் ஒரு புள்ளி. அதைப் பற்றி எந்த மொழியிலும் கட்டுரை இல்லை. பக்கத்துத் தீவுகளின் பழைய செய்தித்தாள்களைக் கண் வலிக்கப் படித்து, இவள்தான் பிரதமர்களை வரிசைப்படுத்தினாள். பதினொன்று வந்தது. போன வெள்ளிக்கிழமை '11ஆம் அமைச்சரவை' என்று கட்டுரை போட்டாள்.

நல்ல சகுனமாக, திங்கட்கிழமை அந்நாட்டு அரசின் இணையப்பக்கத்தில் ஒரு படம் வந்தது. தினமும் காலையில் கொடியேற்றிவிட்டு ஆறு அமைச்சர்களும் அலுவலக வாசலில் நின்று ஒரு படம் எடுத்துப் போடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்த பலகையில் புது பெயின்ட்டில் '11' என்று இருந்தது.

"அரசே சொல்லிவிட்டது" என்று அந்தப் படத்தை ஆதாரமாக ஒட்டினாள். அதற்குத்தான் செவ்வாய்க்கிழமையான இன்று கூர்வாளின் பதில்.

"காயு, குக்கர இறக்கு. அஞ்சு விசில் ஆச்சு" என்றாள் அம்மா சுப்புலட்சுமி.

"ஒரு நிமிசம்மா. அமைச்சரவை ஒண்ணு கூடிருச்சு."

"யாரு வூட்டுலடி கூடுறாங்க?" என்று வாசலில் இருந்து கேட்டாள் பால் ஊற்ற வந்த செல்லக்கிளி.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணியோடு இந்த விதி மீதான வாக்கெடுப்பு முடியும். களஞ்சியத்தின் மூத்தவரான செங்குட்டுவன்தான் நடத்துகிறார். விதி நிறைவேறினால், தலைப்புகளைச் சீராக்கும் வேலை ஆறு மாதத்துக்குக் காயத்ரிக்கு. வீட்டிலிருந்தே செய்யலாம். சம்பளமும் உண்டு. நிறைவேறாவிட்டால், திங்கட்கிழமை பி.எட். விண்ணப்பம். அதாவது நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் எழுந்து நின்று பேச வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

கூர்வாள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தலைப்பை '12ஆம் அமைச்சரவை' என்று மாற்றினாள்.

புதன்கிழமை காலை, தலோவாவின் படம் வந்தது. ஆறு அமைச்சர்கள். பூப்போட்ட சட்டைகள். பின்னால் பலகையில் '12'.

அவள் திங்கட்கிழமைப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதில் '11'. இதில் '12'. படத்தின் ஓரத்தில் ஓலைத்தொப்பி போட்ட தடித்த மனிதர் ஒருவர், கையில் டப்பாவோடு அசடு வழிய நின்றிருந்தார்.

அங்கேயும் இதே விவாதம் நடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆறு பேரும் தென்னைமரத்தடியில் உட்கார்ந்து, அலை வந்து காலை நனைக்க நனைக்க, நாம் பதினொன்றா பன்னிரண்டா என்று பேசியிருப்பார்கள். முடிவில் கூர்வாள் மாதிரி ஒருவர் ஜெயித்திருப்பார்.

ஜன்னலுக்கு வெளியே அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்து போய்க்கொண்டிருந்தது. சின்ன வயதில் மேகங்கள் எல்லாம் அங்கேதான் செய்யப்படுகின்றன என்று நம்பியிருந்தாள். இப்போது, அதில் ஒன்று தலோவாவுக்குப் போய்ச் சேரும் என்று தோன்றியது.

"என்னம்மா, மேகத்தை எண்ணிட்டு இருக்க?" முதல் ஷிப்ட் முடித்து வந்த அப்பா மருதமுத்து, பூட்ஸைக் கழற்றியபடி கேட்டார். விருதுநகரிலிருந்து இருபத்தெட்டு வருடத்துக்கு முன் வந்தவர். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"இரு, இரு. பதினேழு நாளு இடைக்காலம்னா என்ன? காண்ட்ராக்ட்டு. அப்புறம் பர்மனென்ட் ஆயிட்டான். காண்ட்ராக்ட்ல இருந்த காலத்த சர்வீஸ்ல எங்கயாச்சும் சேப்பாங்களா? அது கணக்குலயே வராது. உன் ஆளு பதினொண்ணுதான்."

"பதினேழு நாள்ல பர்மனென்ட்டா?" செல்லக்கிளி பால் குவளையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "எம் புள்ள ஒம்பது வருசமா காண்ட்ராக்ட்லயே கெடந்துகினு இருக்குறான். அந்த ஊருக்கு எப்பிடிங்க போவுறது? பண்ருட்டியில இருந்து பஸ்ஸு இருக்குதா?"

"கப்பல்ல போகணும், அக்கா" என்றாள் காயத்ரி.

"போவட்டும். பொண்ணு குடுக்குறவங்க கப்பல்ல வந்து குடுக்கட்டும்."

அப்பா சொன்னதைக் காயத்ரி யோசித்தாள். மற்ற நாற்பது நாடுகளிலும் இடைக்கால அரசுகளை அவள் தனியாக எண்ணவில்லை. ஒரு நாட்டுக்கு மட்டும் எப்படி? தலைப்பை மறுபடியும் '11' ஆக்கினாள். இடைக்கால அரசுகளை எண்ணுவதில்லை என்று காரணமும் எழுதினாள். காண்ட்ராக்ட் என்ற சொல்லைப் போடவில்லை.

வியாழக்கிழமைப் படத்தில் பலகை '11'.

அவளுக்கு முதுகில் சில்லென்றது. மகிழ்ச்சியா பயமா என்று தெரியவில்லை. உலகத்தின் மறுகோடியில் யாரோ அவள் நினைப்பதையே நினைக்கிறார்கள். இப்படி ஒரு துணை அவளுக்குக் கல்லூரியில்கூட வாய்த்ததில்லை.

உரையாடல் பக்கத்தில் அப்படி யாரும் உருகவில்லை.

"திங்கட்கிழமை 11. புதன்கிழமை 12. இன்று 11. இது கட்டுரையா, சந்தை விலையா?" என்று கூர்வாள் கேட்டிருந்தார்.

அதற்குக் கீழே செங்குட்டுவன்: "காயத்ரி அவர்களே, ஒரே ஒரு எண். அரசின் ஆதாரத்தோடு. ஞாயிறு ஆறு மணிக்குள். ஒரு நாட்டில் பொய்த்தாலும் இது பொதுவிதி ஆகாது."

அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. அம்மா மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தட்டை மேசைக்கே கொண்டுவந்தாள்.

"ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டா, ரெண்டையும் வச்சு ஒரு பேரு வையேன்டி. ஊர்ல என்ன பண்ணாங்க? மொத சுரங்கம் இருந்துச்சு, ரெண்டாவது சுரங்கம் இருந்துச்சு. புதுசா ஒண்ணு வந்தப்ப மூணுன்னா வச்சாங்க? ஒன் ஏ-ன்னு வச்சாங்க. யாரு சண்டைக்கு வந்தா?"

காயத்ரி அம்மாவையே பார்த்தாள். சாம்பார்க் கரண்டியோடு நின்ற அம்மாவைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்த மாதிரி இருந்தது.

இடைக்கால அமைச்சரவை, 11. அதே ஆட்களோடு முறைப்படி வந்தது, 11அ. இரண்டு பதவியேற்புக்கும் இடம் உண்டு. எண்ணும் கூடவில்லை. வெள்ளிக்கிழமை காலை தலைப்பை மாற்றிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூர்வாளுக்கு ஒரு சிரிப்பு முகம் போட்டாள்.

"இது என்ன, குவார்ட்டர்ஸ் முகவரியா?" என்று பதில் வந்தது.

சனிக்கிழமை காலை செல்லக்கிளி பால் ஊற்ற வந்தபோது, காயத்ரி திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். பலகையில் '11' இருந்தது. அதற்குப் பக்கத்தில் வேறு ஏதோவும் இருந்தது. பாதியை நிதி அமைச்சரின் தோள் மறைத்தது. மீதி சுருண்டு, வால் நீண்டு தெரிந்தது.

"அக்கா, இங்க வந்து பாருங்களேன். இது என்ன?"

செல்லக்கிளி குனிந்து பார்த்தாள். "இன்னாடி இது? பலகையில நத்தை ஊந்துகினு போவுது."

"நத்தைதான் இல்லே?"

"நத்தைதான். மழ பேஞ்சிருக்கும்."

அம்மாவும் வந்து பார்த்தாள். "அந்த ஓரத்துல நிக்கிற ஆளப் பாரு. சட்டையெல்லாம் பெயின்ட்டு. பாவம், மூஞ்சி வாடிப் போச்சு" என்றாள்.

நத்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எண் 11. 11அ இல்லை. மிச்சமிருந்த ஒரு நாளில் மாற்றுவதற்கு இனி அவளிடம் வேறு எண்ணும் இல்லை. தொடாமல் விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு ஆதரவு ஆறு, எதிர்ப்பு ஆறு. அப்பாவுக்கு அன்று வார ஓய்வு. நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கிரிக்கெட் பார்ப்பவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார். பால் ஊற்றி முடித்த செல்லக்கிளியும் போகவில்லை.

"ஜெயிச்சா காண்ட்ராக்ட்டா, பர்மனென்ட்டா?" என்று அப்பா கேட்டார்.

"ஆறு மாசம்பா."

"காண்ட்ராக்ட்டு" என்று செல்லக்கிளி பெருமூச்சு விட்டாள்.

"பி.எட். பாரத்துல போட்டோ ஒட்டி வச்சிட்டேன்" என்றாள் அம்மா. குரலில் கடுமை இல்லை. அதுதான் காயத்ரிக்குத் தாங்கவில்லை.

ஐந்தே முக்காலுக்குக் கூர்வாள் நான்கு படங்களை வரிசையாக ஒட்டினார். 11. 12. 11. நத்தையோடு ஒரு 11. கீழே ஒரே வரி: "தன் எண் என்ன என்று தனக்கே தெரியாத ஓர் அரசு. அதை ஆதாரம் என்கிறார் இவர்."

"காயத்ரி அவர்களே, பதில் உண்டா?" என்று செங்குட்டுவன் கேட்டார்.

அவள் தட்டினாள். அழித்தாள். மறுபடியும் தட்டினாள். அந்த ஆறு பேரும் இவ்வளவு தடுமாறுவார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பூப்போட்ட சட்டைக்காரர்கள் மீது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. தன்னை மாதிரியே அவர்களும் வருகைப் பதிவில் சரியான நேரத்தில் குரல் கொடுக்கத் தெரியாதவர்கள்.

வெளியே ஆவி மேகமாகிக்கொண்டிருந்தது. வெயில் பட்டு அடிப்பக்கம் சிவந்திருந்தது.

ஐந்து ஐம்பத்தாறுக்குப் பட்டியலில் புதிதாக ஒரு பெயர் ஏறியது. இதுவரை யாரும் பார்க்காத பயனர். ஒரே சொல்: "ஆதரவு."

"ஏழு!" என்று அப்பா தொடையைத் தட்டினார்.

"பொறுங்கப்பா."

செங்குட்டுவன் உடனே எழுதினார்: "புதிய பயனரே, காரணம் சொல்லாத வாக்கு செல்லாது. எண் முறையை ஏன் ஆதரிக்கிறீர்கள்? மூன்று நிமிடம் இருக்கிறது."

நான்கு பேரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள். ஐந்து ஐம்பத்தொன்பதுக்குப் பதில் வந்தது. இயந்திரத்தில் மொழிபெயர்த்த விறைப்பான தமிழ். காயத்ரிக்குக் கண் மறைத்தது. அப்பாதான் சத்தமாகப் படித்தார்.

"வணக்கம். இது இயந்திரத் தமிழ், மன்னிக்கவும். உங்கள் மொழி எனக்கு வராது, எண் மட்டும் புரியும். நான் தலோவா அமைச்சரவை அலுவலகத்தில் பலகைக்கு வண்ணம் பூசுகிறவன், ஓலைத்தொப்பி போட்டிருப்பேன். புயலில் எங்கள் பதிவேடுகள் எல்லாம் போய்விட்டன. நாங்கள் எத்தனையாவது என்று உலகத்தில் எழுதியிருப்பது உங்கள் பக்கம் ஒன்றுதான். ஆகவே நீங்கள் மாற்றும்போதெல்லாம் பிரதமர் என்னை ஏணியில் ஏற்றுகிறார். தயவுசெய்து ஒன்றில் நில்லுங்கள், பெயின்ட் தீர்ந்துவிட்டது. ஆனால் கடைசியாக எண்ணுக்குப் பக்கத்தில் நீங்கள் போட்ட அந்தச் சங்கை மட்டும் எடுத்துவிடாதீர்கள், கொடியிலும் அதை வைக்கச் சொல்லிவிட்டார்."