எட்டரைப் பயணிகள்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு செய்த அடுத்த பெரிய காரியம், கணக்கைப் படிக்காமலே விடை எழுதக் கற்றுக்கொண்டதுதான். இந்தச் சாதனை நிகழ்ந்தது ஒரு தொடக்கப் பள்ளியின் மாடியறையில். சாதித்தவர் அதன் தலைமையாசிரியர். அதை உடனிருந்து பார்க்கும் பாக்கியம் ஐந்தாம் வகுப்பு டீச்சருக்குக் கிடைத்தது. அவரைக் கேட்டால் 'பாக்கியம்' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் மாற்றச் சொல்வார்.

அதற்கு முன்பு நிலைமை மோசம்தான், மறைப்பதற்கில்லை. பன்னிரண்டில் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு என்று நேராகக் கேட்டால் பிள்ளைகள் டக்கென்று சொல்லிவிடுவார்கள். அதையே ஒரு வாளிக்குள் போட்டு, வாளியை ஓர் அண்ணன் கையில் கொடுத்து, அண்ணனைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பிவிட்டால் போதும், வகுப்பே திருதிருவென விழிக்கும். பின்னமும் விகிதமும் வாக்கியத்துக்குள் நுழைந்ததும் பாதி வகுப்புக்கு வயிற்று வலி வந்துவிடும்.

எனவே 'கணக்கச்ச ஒழிப்புக் குழு' அமைக்கப்பட்டது. தலைமையாசிரியர் தலைவர். விளையாட்டு வாத்தியாரும் ஓவிய டீச்சரும் 'வல்லுநர் உறுப்பினர்கள்'. அந்தக் கணக்கை உண்மையிலேயே நடத்திக்கொண்டிருந்ததால் ஐந்தாம் வகுப்பு டீச்சரையும், வேறு வழியில்லாமல், சேர்த்துக்கொண்டார்கள்.

"பிள்ளைங்க சரியா எந்த இடத்துல தடுமாறுறாங்க?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

"படிக்கிற இடத்துல சார்," என்றார் டீச்சர். "கேள்வியைப் படிச்சு, என்ன நடந்துச்சுன்னு மனசுல பாக்கத் தெரியல."

"அவ்வளவுதானே? அப்ப படிக்கிறதை எடுத்துடுவோம்."

பிறந்தது 'சொல்வேட்டை முறை'. 'மொத்தம்' என்ற சொல் கண்ணில் பட்டால் கூட்டு. 'மீதி' என்றால் கழி. 'பங்கு' என்றால் வகு. 'விகிதம்' என்றால் இரண்டு எண்களையும் கூட்டி அதால் வகுத்து, பிறகு ஆண்டவன் விட்ட வழி. மற்ற சொற்கள் எல்லாம் வெறும் அலங்காரம். நான்கு சொற்களும் நான்கு வண்ண அட்டைகளில் ஏறிச் சுவரில் தொங்கின. விளையாட்டு வாத்தியார் விசில் ஊதுவார். ஊதி முடிப்பதற்குள் பிள்ளைகள் சொல்லைப் பிடித்துவிட வேண்டும். முயலைப் பிடிக்கிற மாதிரி பாய்ந்து பிடித்தார்கள்.

டீச்சர் அடுத்த கூட்டத்தில் ஒரு சந்தேகம் கேட்டார். "ஒரே கணக்குல பங்கும் மீதியும் சேர்ந்து வந்தா என்ன சார் பண்றது?"

குழு ஆழ்ந்த கவலையில் மூழ்கியது. பிஸ்கட் வரவழைக்கப்பட்டது.

"எது முதல்ல வருதோ அதுக்குத்தான் முதல் இடம்," என்றார் விளையாட்டு வாத்தியார். "ஓட்டப் பந்தயத்துல அப்படித்தான்."

"மீதின்ற அட்டைதான் சிவப்பு. சிவப்பு பளிச்சுனு தெரியும்," என்றார் ஓவிய டீச்சர்.

தலைமையாசிரியர் கண்களை மூடி யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "அந்த மாதிரி கணக்கை நாம கேக்கவே வேணாம். பிள்ளைங்க மனசு புண்படும்."

இதோடு முறை முழுமை அடைந்தது. பிள்ளைகள் கேள்வியைப் படிக்க மாட்டார்கள். படிக்காதவர்களுக்கு ஏற்றபடியே கேள்வியும் தயாராகும். இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை எந்தக் கல்யாணத் தரகராலும் செய்திருக்க முடியாது. ஒரே மாதத்தில் வகுப்பில் வயிற்று வலி நின்றுபோனது. எல்லாரும் முழு மதிப்பெண் வாங்கினார்கள்.

எல்லாரும் என்றால், ஜன்னலோரச் சிறுமி ஒருத்தியைத் தவிர.

அவளுக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்தவர் தலைமையாசிரியர். பாராட்டாக வைத்த பெயர் அல்ல அது. விசில் ஊதி, மற்றவர்கள் விடை எழுதி, பென்சிலையும் சீவி முடித்த பிறகும் அவள் இரண்டாவது வரியில் நின்றுகொண்டிருப்பாள்.

"அக்காவும் தம்பியும் இருபது பாசிமணியை மூணுக்கு ரெண்டு விகிதத்துல பிரிச்சுக்கிட்டாங்கன்னு போட்டிருக்கே டீச்சர். அக்காவுக்கு ஏன் அதிகம்?"

பார்வையிட வந்திருந்த தலைமையாசிரியர் முந்திக்கொண்டார். "அது அவங்க குடும்ப விஷயம். நாம தலையிடக் கூடாது."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். ஆனால் அந்தப் பெண்ணை அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பன்னிரண்டு லிட்டர் வாளியைப் படமாக வரையச் சொன்னார். வாளியைச் சமமாக மூன்று தட்டாகப் பிரித்தார்கள். ஒரு தட்டை அவள் செடிக்குக் கொடுத்தாள்.

"ஒரு தட்டுல நாலு லிட்டர். ரெண்டு தட்டு மிச்சம் இருக்கு. எட்டு," என்றாள். பிறகு, "ரெண்டையும் கேட்டாலும் சொல்லிடலாம்ல டீச்சர்? அண்ணன் ஊத்துனதையும், மிச்சம் இருக்கறதையும்?"

"சொல்லிடலாம் கண்ணு," என்றார் டீச்சர். பல வருட வேலையில் இப்படிச் சில மதியங்கள்தான் அவருக்கு வாய்த்திருந்தன. அன்று முழுக்க மனசு நிறைந்து இருந்தது.

அந்தப் பல வருடங்களும் 'தற்காலிகம்' என்ற பட்டத்தோடு கழிந்தவை. இந்த ஆண்டு அவரை நிரந்தரம் ஆக்கலாமா என்பது தலைமையாசிரியர் எழுதும் பரிந்துரையில் இருந்தது. பரிந்துரையோ கல்வி அதிகாரி முன்னிலையில் நடக்கும் கணக்குத் தேர்வில் இருந்தது. அதில் தோற்கும் பிள்ளைகளை, மாடிப்படிக்குக் கீழே உடைந்த பெஞ்சுகள் கிடக்கும் அறையில் நடக்கவிருந்த 'மீட்பு வகுப்பு'க்கு ஆண்டு முழுக்க அனுப்புவது என்றும் குழு தீர்மானித்திருந்தது. யாரை எதிலிருந்து மீட்பது என்று அந்தத் தீர்மானத்தில் இல்லை.

தேர்வின் கடைசிக் கேள்வியைத் தலைமையாசிரியரே தம் கையால் எழுதினார்: 'ஒரு பஸ்ஸில் 34 பயணிகள் இருந்தார்கள். அவர்களில் நான்கில் ஒரு பங்கினர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார்கள். இறங்கியவர்கள் எத்தனை பேர்?'

பிள்ளைகள் 'பங்கை'ப் பிடித்தார்கள், வகுத்தார்கள், 'எட்டரைப் பேர்' என்று எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். கல்வி அதிகாரி நெகிழ்ந்துபோனார். "எல்லா பேப்பர்லயும் ஒரே விடை. ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. இந்த ஒழுங்கை நான் எங்கயும் பாத்ததில்ல."

அதிகாரி கைக்கு இன்னும் போகாத நிதானத்தின் தாளில் மட்டும் இப்படி இருந்தது: 'இந்த பஸ்ஸில் 34 பேர் இருந்திருக்க முடியாது. 32 அல்லது 36 பேர் இருந்திருக்கலாம். கண்டக்டர் மறுபடியும் எண்ண வேண்டும்.'

டீச்சர் அதை இரண்டு முறை படித்தார். அவளை ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனார். அங்கே குழுவும் அதிகாரியும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், இந்தக் கேள்வியே தப்பு. அரை ஆள் எப்படி சார் இறங்குவாங்க?"

நால்வரும் காபியை ஒரு வாய் உறிஞ்சிக்கொண்டார்கள்.

"ஒரு கால் படியில, ஒரு கால் ரோட்டுல இருந்திருந்தா?" என்றார் விளையாட்டு வாத்தியார்.

"சின்னப் பிள்ளையா இருக்கும்," என்றார் ஓவிய டீச்சர். "அரை டிக்கெட்."

கல்வி அதிகாரி தலையை ஆட்டினார். "போக்குவரத்துத் துறையே ஒத்துக்கிட்ட பின்னம் அது. நாம மறுக்க முடியாது."

"இந்தப் பிள்ளை மட்டும்தான் சார் யோசிச்சிருக்கா. இவளுக்கு முழு மார்க் போடணும்."

தலைமையாசிரியர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். குரலில் கோபமே இல்லை; அவர் ரொம்ப அன்பானவர். "போடுங்க டீச்சர். தாராளமா போடுங்க. ஆனா இவ விடை சரின்னா மத்த எல்லார் விடையும் தப்பு. மொத்த வகுப்பும் மாடிப்படிக்குக் கீழ போகணும். அங்க அவ்வளவு பெஞ்சு இல்ல. அப்புறம், வகுப்பே தோத்துச்சுன்னா நான் உங்களுக்கு என்னன்னு பரிந்துரை எழுதறது? நீங்களே சொல்லுங்க."

டீச்சர் தாளைத் திருப்பி வைத்து, மறுபடி எடுத்தார். வீட்டு வாடகை நினைவுக்கு வந்தது, மாமியாரின் மருந்து நினைவுக்கு வந்தது. நியாயத்துக்கு மட்டும் அந்த வரிசையில் இடம் கிடைக்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, கண்டக்டர் மறுபடியும் எண்ண வேண்டும் என்ற வரியின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டார். வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் முறை பெரும் வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. அட்டைகள் மற்றப் பள்ளிகளுக்கும் போயின. டீச்சர் நிரந்தரம் ஆனார். சக ஆசிரியர்கள் கைகுலுக்கினார்கள்.

மாலையில் நிதானத்தின் அம்மா வந்தார். மருத்துவமனையில் நர்ஸ், வேலை முடிந்து சீருடையோடே ஓடி வந்திருந்தார். மகள், முந்தானையைப் பிடிப்பது போல, அவர் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், இவளை மீட்பு வகுப்புல போட்டுட்டாங்களாம். ராத்திரியெல்லாம் அழுதா. எதுல வீக்குன்னு சொல்லுங்க, நான் வீட்டுல உக்காந்து சரி பண்ணிடறேன்."

டீச்சர் சிறுமியைப் பார்க்காமல் அட்டைகளைப் பார்த்தார். "கேள்விதான்மா..."

"கேள்வி புரியலையா? படிக்க வரலையா?"

"வருது. முழுசா படிச்சிடறா."

அந்தத் தாய் டீச்சர்களை நம்புகிறவர். முகம் கவலையில் சுருங்க, மகள் பக்கம் குனிந்தார். "டீச்சர் சொல்றாங்கல்ல? இனிமே முழுசா படிக்கக் கூடாது. சரியா?"

சிறுமி அம்மாவைப் பார்க்கவில்லை. டீச்சரைத்தான் பார்த்தாள், 'இல்லை' என்று அவர் சொல்லிவிடுவார் என்பது போல.

டீச்சர் சொல்லவில்லை. நிரந்தரப் பணியாளர்கள் பள்ளியின் கொள்கையை மறுத்துப் பேசுவதில்லை.