அந்தர்வேதி போகும் வழியில் ஒரு குளியல்

மனைவிக்குத் துணையாக வெளியூர் கிளம்பும் கணவர்களைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டால், அந்தப் பெண்மணிகள் சீக்கிரமாகவும் சுத்தமாகவும் போய்ச் சேருவார்கள். உடம்பெல்லாம் சேற்றோடு நின்றபோது எனக்குக் கிடைத்த ஞானம் இது.

என் மனைவி வைதேகி, ஹைதராபாத் கொண்டாப்பூரில் எங்கள் அபார்ட்மெண்ட் மாடிப்படியில் சறுக்கி விழுந்து, இடது முழங்காலில் தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை வரை போனவள். பல மாதங்கள் கைத்தடியோடு நடந்தாள். கால் பலப்பட சைக்கிள் ஓட்டுங்கள் என்றார் டாக்டர். அவர் சொன்னது பயிற்சிக்காக. வைதேகி எடுத்துக்கொண்டது விரதமாக. கோதாவரி டெல்டாவில் சைக்கிளில் போகிறவர்களின் வீடியோக்களைப் படுத்தபடியே பார்த்து, ஒரு பாதையையும் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். பாலகொல்லுவிலிருந்து வாய்க்கால் கரையோடு நரசாப்பூர், அங்கே படகில் ஆற்றைக் கடந்து, கோதாவரி கடலில் சேரும் அந்தர்வேதி.

"இந்தக் கால் என்னை அங்க கொண்டுபோய்ச் சேர்த்துட்டா, அப்புறம் நான் எதுக்கும் பயப்பட மாட்டேன்" என்றாள்.

"தனியாவா? நக்கோ!" என்றேன். (எங்கள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்டது. பதற்றத்தில் 'வேண்டாம்' என்பதுகூட எனக்கு வாயில் தக்கனி உருதுவில்தான் வரும். தார்நாகாவில் சுத்தத் தமிழ் வீட்டில் வளர்ந்த வைதேகி இதை இன்னும் மன்னிக்கவில்லை.) "நடு ரோட்டுல கால் மடங்கிடுச்சுன்னா யார் தூக்குவா? நானும் வரேன்."

"நீங்க சைக்கிள் ஓட்டி எத்தனை வருஷம் ஆச்சு?"

"அதெல்லாம் மறக்கிற வித்தையா?"

அலுவலக நண்பன் ஒருவன் தன் ரேஸ் சைக்கிளையும் அதற்கான ஷூவையும் இரவல் கொடுத்தான். அந்த ஷூவின் அடியில் ஒரு கொக்கி உண்டு. பெடலில் வைத்து மிதித்தால் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். கழற்றுவதற்குக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். "நிக்கறதுக்கு முன்னாடியே திருப்பிடு, நின்னப்புறம் திருப்ப நேரம் இருக்காது" என்று அவன் சொன்னான். நான் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறுக்கமான மஞ்சள் சட்டை, கறுப்புக் கால்சட்டை, ஹெல்மெட். தொப்பையைத் தவிர மற்றதெல்லாம் உலகத் தரம்.

மகள் ஆதிராவைத் தார்நாகாவில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு ரயிலேறினோம். மறுநாள் விடிந்தும் விடியாமலும் பாலகொல்லுவிலிருந்து கிளம்பினோம்.

அந்தக் காலையை எப்படிச் சொல்வது? ஹைதராபாத்தில் பாறையும் கண்ணாடிக் கட்டடமும் பார்த்தே பழகிய கண் இது. அங்கே பூமி முழுக்கத் தண்ணீரின் சொத்தாக இருந்தது. சாலைக்கு ஒரு பக்கம் நிறைந்து ஓடும் வாய்க்கால். மறுபக்கம் வயல், வயலுக்கு அப்பால் தென்னை, தென்னைக்குப் பின்னால் இன்னும் தென்னை. பனியில் மரங்களின் தலைகள் மட்டும் மிதந்தன. சூரியன் ஒன்றுதான் வந்தது. ஆனால் வாய்க்காலில் ஒன்றும், ஒவ்வொரு வயலில் ஒவ்வொன்றுமாக எங்கள் கூடவே ஓடி வந்தது. வைதேகி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அந்த முழங்கால் ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே பின்னால் போனேன். பாதுகாப்பு!

நரசாப்பூர் படகுத்துறையில் முதல் சம்பவம். இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை போட்ட 'பண்ட்டு' ஒன்று ஆட்டோ, பைக், மனிதர்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டிருந்தது. நான் கம்பீரமாக வந்து பிரேக் பிடித்தேன். சைக்கிள் நின்றது. கால் வரவில்லை. வெட்டிய வாழைமரம் போல, உட்கார்ந்த நிலையிலேயே, மெதுவாகச் சாய்ந்து விழுந்தேன். மீன்கூடையோடு நின்றிருந்த ஒரு அம்மாள், "பாவம், நித்ர ஒச்சேசிந்தி" என்றார். தூங்கி விழுந்துவிட்டேனாம்.

படகு நடு ஆற்றுக்கு வந்ததும் அவமானம் மறந்துவிட்டது. கரைகள் இரண்டும் பென்சில் கோடாக மெலிந்துபோக, அவ்வளவு பெரிய தண்ணீர் சத்தமே போடாமல் நகர்ந்துகொண்டிருந்தது. ஆட்டோக்காரர்கூட ஹார்னில் கை வைக்கவில்லை.

அக்கரையில் அந்தர்வேதி நெருங்க நெருங்க, காற்றில் உப்பு ஏறியது. சாலையின் இரு பக்கமும் இறால் குளங்கள். நீரைக் கடைந்து காற்றேற்றும் சக்கரங்கள் வெள்ளை நுரையை வாரி இறைத்துக்கொண்டிருந்தன. திடீரென்று ஒரு குளக்கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கொக்குகள் ஒரே வீச்சில் எழுந்தன. வானத்தை யாரோ உதறி விரித்தது போலிருந்தது.

"வைதேகி, அங்க பாரு!" என்று கத்தி, சைக்கிளை நிறுத்தினேன்.

நண்பன் சொன்னது உண்மைதான். திருப்ப நேரம் இருக்கவில்லை.

கரையைச் சுற்றிக் கட்டியிருந்த நீல வலையையும் இழுத்துக்கொண்டு, சைக்கிளோடு சரிந்து, தலைகுப்புறக் குளத்துக்குள் போனேன். மூக்கில் உப்புத் தண்ணீர். கால்கள் இரண்டும் பெடலில். மேலே வந்த ஒரு விநாடியில், "ஹெல்ப்! பச்சாவ்! ரக்ஷிஞ்சண்டி! காப்பாத்துங்க!" என்று அலறினேன். (ஹைதராபாத்காரன். காப்பாற்ற வருகிறவருக்கு எந்த மொழி தெரியுமோ என்று முன்யோசனை.) மறுபடி மூழ்கினேன். ஆதிராவின் முகம் தெரிந்தது. கட்டாத வீட்டுக் கடன்கூட ஒரு கணம் வந்து போனது.

அப்போது மேலேயிருந்து வைதேகியின் குரல், நிதானமாக:

"ஏங்க. எழுந்து நில்லுங்க."

உதைத்த உதையில் குதிகால்கள் எப்படியோ திரும்பிக் கழன்றன. எழுந்து நின்றேன். தண்ணீர் இடுப்புக்குக் கீழே இருந்தது.

எனக்கு எதிரே, சரிவில் இறங்கி முழங்காலளவு நீரில் நின்று கை நீட்டிக்கொண்டிருந்தாள் வைதேகி. எந்த முழங்காலைக் காக்க நான் வந்தேனோ, அதே முழங்கால்.

அதற்குள் லுங்கியை மடித்துக் கட்டியபடி குளத்தின் சொந்தக்காரர் ஓடி வந்தார். வெங்கடராஜு என்று பெயர். அடுத்த வாரம் இறால் பிடிக்க இருந்தாராம். வெளியிலிருந்து கிருமியோ ரசாயனமோ வந்தால் மொத்தக் குளமும் செத்துப்போகும் என்று காவல் காத்துவந்தவர். அவர் முதலில் கேட்டது என் உயிரைப் பற்றி அல்ல.

"ஒண்ட்டிகி ஏமைனா ராசுகுன்னாரண்டி?" உடம்பில் ஏதாவது பூசியிருக்கிறீர்களா?

பூசியிருந்தேன். வெயில் படாமலிருக்க ஒரு குழாய் கிரீமும். சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. இன்னும் சந்தேகம் தீராமல், "என்ன வேலை செய்யறீங்க?" என்று தெலுங்கில் கேட்டார்.

"ஜீடிமெட்லாவில் மருந்து கம்பெனி."

"அய்ய பாபோய்!" தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதரின் உழைப்பு மொத்தமும் அந்தக் குளத்தில் இருந்தது. இறால் தீனி தின்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்திருக்கும் வலைத்தட்டை அவர் கயிற்றைப் பிடித்து மெல்லத் தூக்கினார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். தட்டு நீரை விட்டு வெளியே வந்ததும், உள்ளேயிருந்த இறால்கள் படபடவென்று துள்ளின. வெயிலில் ஒவ்வொன்றும் கண்ணாடித் துண்டாக மின்னியது. உடம்புக்குள் ஓடும் குடல் கோடுகூடத் தெரிந்தது. உயிர் என்பது அவ்வளவு தெளிவாகத் துள்ளி நான் பார்த்ததில்லை.

"பாக உன்னாயண்டி" என்றார் ராஜு. நன்றாகத்தான் இருக்கின்றன. அப்புறம்தான் என்னை மேலும் கீழும் பார்த்து, "மீரு பாக உன்னாரா?" என்று கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். வலையை நானே திரும்பக் கட்டிக் கொடுத்தேன். போர்வெல் தண்ணீரில் என்னைக் குளிக்கச் சொல்லி, தன் லுங்கி ஒன்றையும் கொடுத்தார். சைக்கிளை வெளியே இழுத்தெடுத்தோம். ஷூ ஒன்று சேற்றோடு போய்விட்டதால் மற்றதையும் கழற்றிவிட்டேன்.

ஹெல்மெட், மஞ்சள் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, வெறுங்கால். இந்தக் கோலத்தில்தான் ரேஸ் சைக்கிளை மிதித்து அந்தர்வேதிக்குள் நுழைந்தேன். கோயிலுக்கு வந்த கூட்டம் வழிவிட்டது, பயத்தில்.

மணலில் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு முனைக்குப் போனோம். வலது பக்கம் ஆறு, பழுப்பாக. முன்னால் கடல், நீலமாக. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு, அது நிற்காமல் நெளிந்தது. எங்கோ மலையில் பிறந்து, இத்தனை ஊருக்குச் சோறு போட்டுவிட்டு வந்த தண்ணீர், அலட்டிக்கொள்ளாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

வைதேகி முழங்காலைத் தடவிக்கொண்டே நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"வலிக்குதா?"

"இல்லைங்க. காலைலேருந்து ஒருதடவைகூட இந்தக் காலை நினைக்கவே இல்லை. உங்களைக் கவனிக்கவே நேரம் சரியாயிடுச்சு."

ஆகவே என் பாதுகாப்பு வீண்போகவில்லை என்றுதான் நான் சொல்லி வருகிறேன். வீட்டில் யாரும் ஏற்பதில்லை. வருமான வரி நோட்டீஸோ, காய்ச்சலோ, எதற்கு நான் பதறினாலும் வைதேகி, "ஏங்க, எழுந்து நில்லுங்க" என்பாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் ஆதிரா அதை மொழிபெயர்த்தும் வைத்திருக்கிறாள்.

போன மாதம் எங்கள் அபார்ட்மெண்ட் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே நான் மட்டும். மணியை அழுத்தினேன், கதவைத் தட்டினேன், தெரிந்த எல்லா மொழியிலும் கத்தினேன். மேலே கதவிடுக்கில் ஆதிராவின் குரல் கேட்டது.

"அப்பா, லேச்சி நிலபடு!" எழுந்து நிற்க வேண்டுமாம்.

பின்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் சிரிக்கும் சத்தம். அவர்களுக்கும் அந்தக் குளத்துக் கதையைச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். ஆனால் யார் நம்புவார்கள்?