அறுபத்தாறு கெஜம்

உலகத்தில் பன்ட்டர் என்றொரு பிறவி உண்டு. எங்கள் அமெரிக்கக் கால்பந்தில், சொந்த அணி மூன்று தடவை முட்டி மோதியும் பத்து கெஜம் நகர முடியாமல் திணறும்போது, உள்ளே ஓடிப்போய், பந்தை எதிரிக்கே, ஆனால் முடிந்த மட்டும் தொலைவில், உதைத்துக் கொடுத்துவிட்டு வெளியே வருபவர். அவ்வளவுதான் உத்தியோகம். ஓர் ஆட்டத்துக்கு ஐந்து உதை. மற்ற நேரமெல்லாம் கோட்டோரம் நிற்பார்.

என் தங்கை மார்லீனுக்கு வாய்த்த கணவர் லோவல் இந்த ஜாதி. நன்றி நாள் விருந்துக்கு எல்லோரும் வான்கோழியைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் தோட்டத்தில் புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டுக் காற்று பார்ப்பார். வலது காலைப் பற்றிப் பேசும்போது குரல் தணியும், வீட்டில் கைக்குழந்தை தூங்குகிற மாதிரி. அணி நாற்பத்தொன்றுக்கு மூன்று என்று ஜெயித்த அன்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார். தோற்றால் சோகம் சரி, ஜெயித்தால் என்ன சோகம்? ஒரு உதைக்குக்கூட அவரைக் கூப்பிடவில்லையாம். சக ஆட்டக்காரர்கள் சேற்றில் புரண்டு எழுந்து வந்து, "டிரெஸ் கசங்கிடப் போகுது, பாத்து உக்காருப்பா" என்பார்கள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வார்.

பன்ட்டர் வீடுகளில் செவ்வாய்க்கிழமை ஆகாது. அன்றுதான் அணிகள் வேறு உதைப்பாளர்களை வரவழைத்து உதைக்கவிட்டுப் பார்க்கும். பதினோரு வருஷத்தில் ஏழு ஊர். மார்லீன் எந்தச் சுவரிலும் ஆணி அடித்ததில்லை. இந்த வருஷம்தான் ஒரு வீடு பார்த்தாள். புதன்கிழமை தோறும் கையெழுத்துப் போடப் போகிறோம் என்பாள், அடுத்த புதனுக்குத் தள்ளிப்போடுவாள். போன மாதம் ஒரு செவ்வாயன்று, இருபத்திரண்டு வயதில் இரண்டு பேர் வந்து உதைத்துவிட்டுப் போனார்கள். லோவல் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ஞாயிறு ஆட்டம். நாங்கள் நான்கு புள்ளி முன்னால். ஒரு நிமிஷம் பாக்கி. பயிற்சியாளர் அவர் தோளைப் பிடித்து, தூரம் வேண்டாம், உயரமாகப் போகட்டும், பந்து இறங்குவதற்குள் நம் ஆட்கள் போய்ச் சேர வேண்டும் என்றார். லோவல் தலையாட்டினார். பன்ட்டர்கள் தலையாட்டுவதில் கெட்டிக்காரர்கள்.

பிறகு உதைத்தார். அப்படியொரு உதையை நான் பார்த்ததில்லை. எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு பந்து போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. பின்னால் ஓடிய எங்கள் ஆட்கள் பத்துப் பேரும் பாதி வழியில் மூச்சு வாங்குகிறார்கள். எதிரணிக்காரன் சாவகாசமாகப் பிடித்தான். சுற்றிலும் ஈ காக்கை இல்லை. ஓடி வந்தான். கடைசியில் மிச்சமிருந்தது லோவல் மட்டும். விளக்குக் கம்பத்தைத் தாண்டுவதுபோல் அவரைத் தாண்டிப் போனான். அவர்களுக்கு ஆறு புள்ளி, எங்களுக்குத் தோல்வி.

செவ்வாய் காலை போன் வந்தது. மார்லீன்தான் எடுத்தாள்.

"கோச் பாக்கணுமாம். ஆட்டப் புஸ்தகத்தையும் எடுத்துட்டு வரச் சொல்றாங்க."

புத்தகத்தைத் திருப்பிக் கேட்டால் ஆளை அனுப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். லோவல் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆனா அறுபத்தாறு கெஜம், மார்லீன். அதுவும் எதிர்க்காத்துல."

"தெரியும். நாம வாங்க இருந்த வீட்டையும் தாண்டிப் போய் விழுந்துச்சு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மேலதிகாரி ஒரு பக்கத்தில் கேட்டதற்கு நாற்பது பக்கம் எழுதிக்கொடுத்தீர்களே, அவர் மூன்றாம் பக்கத்தோடு மூடி வைத்துவிட்டு வேலையை வேறொருவரிடம் தந்தாரே, அன்று வீட்டுக்கு வந்ததும் முதலில் எதைச் சொன்னீர்கள்? வேலை கைவிட்டுப் போனதையா, நாற்பது பக்கத்தையா?