டிஸ்கெட்டுக்கு வைத்த பொட்டு

என் பிள்ளைகளே, நேற்று பென் டிரைவ் திறக்கவில்லை என்றதும் இருவரும் ஒரே குரலில், "அப்பா, பொட்டு வெச்சிட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். அம்மா உங்களுக்குச் சொன்னது பாதிக் கதை. அவமானப்பட்டவன் நான், மீதியையும் நானே சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில், கோல சிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நான் ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. படிப்பு மூன்றாம் படிவம்வரைதான். ஆபீசுக்குக் கணினி வந்தபோது கோலாலம்பூரில் மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் என் நடையே மாறிவிட்டது. (தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாராவது 'கம்ப்யூட்டர் அண்ணே' என்றால்தான் திரும்பிப் பார்ப்பேன்.)

அந்த வருடம் லயங்களை இடித்துப் புது வீடு தருவதாக நிர்வாகம் ஒப்புக்கொண்டது. எண்பத்திரண்டு குடும்பங்களின் விவரத்தையும், அந்தக் காலத்துப் பென் டிரைவான ஒரு டிஸ்கெட்டில் ஏற்றினேன். வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் தலைமை ஆபீசுக்குப் போக வேண்டும். பெயர் இல்லாத குடும்பத்துக்கு வீடு இல்லை.

இடையில் ஆயுத பூசை. ஆபீசைச் சுத்தம் செய்தபோது, அந்தக் குடும்பங்கள் நிரப்பித் தந்த விண்ணப்பப் பாரங்களைக் குப்பையோடு நானே கொளுத்தினேன். "எல்லாம் டிஸ்கெட்டுல இருக்குங்க ஐயா, காகிதம் எதுக்கு?" என்று பெரிய கிராணியிடம் பெருமை வேறு.

பூசையில் அரிவாள், டிராக்டர், தட்டச்சு இயந்திரம் எல்லாவற்றுக்கும் பொட்டு. கணினிக்கும் வைத்தேன். உழைக்கிற டிஸ்கெட்டை மட்டும் விடலாமா? அதன் கறுப்பு உறையில் நீளமாக ஒரு திறப்பு. உள்ளே பழுப்பாக ஏதோ மினுங்கியது. அதுதான் நெற்றி என்று முடிவு செய்து, குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன்.

மறுநாள் செருகியபோது கணினி கிழவனைப் போலச் செருமியது. படிக்க முடியவில்லை, நிறுத்தவா, மறுபடி பார்க்கவா, கண்டுகொள்ளாமல் விடவா என்று ஆங்கிலத்தில் கேட்டது. மூன்றையும் அழுத்திப் பார்த்தேன். அணைத்துப் போட்டேன். விசிறிகூட விட்டேன்.

யாழ்ப்பாணத்துக்காரரான பெரிய கிராணி பின்னால் வந்து நின்றார். "என்னடாப்பா செய்து வைச்சிருக்கிறாய்? எண்பத்திரண்டு குடும்பம். அவையளுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

வியாழன் மதியம் கணினி விற்ற கடையிலிருந்து சரோ என்ற பெண் வந்தார். என்னைவிட இளையவர்.

"அண்ணே, கடைசியா இதுக்கு என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணுமே செய்யலையே."

டிஸ்கெட்டை முகர்ந்தார். "கோயில் வாசனை வருது லா!"

"பூசைக்கு... சின்னதா ஒரு பொட்டு..."

"ஐயோ அண்ணே! பேரெல்லாம் அந்தப் பழுப்புத் தகட்டுலதான் இருக்கு!"

பெரிய கிராணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சரோ முதலில் கணினியின் வாய்க்குள் இருந்த சந்தனத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். தன் டிஸ்கெட்டைச் செருகினார், படித்தது. "மிஷின் நல்லாத்தான் இருக்கு. கோளாறு உங்க டிஸ்கெட்டுலதான்" என்று கத்தரிக்கோலை எடுத்து உறையின் ஓரத்தை வெட்டினார். வட்டமாக, கேசட் நாடாவைப் போல மெல்லிய ஒரு தகடு வெளியே வந்தது. அதை மங்குக் கிண்ணத்தில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவத் தொடங்கினார்!

"தங்கச்சி, பேரெல்லாம் கரைஞ்சிராதா?"

"இது மை இல்லண்ணே, காந்தம். கரையாது."

துணியில் ஒற்றிக் காயவைத்து, வேறொரு டிஸ்கெட்டின் காலி உறைக்குள் நுழைத்துச் செருகினார். கணினி செருமியது. பிறகு கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் முனியாண்டி குடும்பம், அடுத்து அஞ்சலை குடும்பம், அடுத்து... சந்தனத்தில் மூழ்கி, தண்ணீரில் குளித்து, ஓர் எழுத்துகூடக் குறையாமல் வரிசையாக வந்து நின்றார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று அத்தனை குடும்பத்தையும் பிடித்து வைத்திருந்திருக்கிறது. நான் கைகூப்பி நின்றேன்.

"கும்புட்டது போதும்ணே, புது டிஸ்கெட்டுல காப்பி எடுங்க. இது எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரியாது" என்றார் சரோ.

பெரிய கிராணி எழுந்தார். "இனிப் பூசைக்கு உன்ர நெத்தியில மட்டும் வை."

காப்பி எடுத்து முடித்து, ஐந்து மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். நான் மட்டும் கணினியை மறுபடி போட்டேன். மறுநாள் போக வேண்டிய பட்டியலைச் சரிபார்க்கப் பாரங்கள் இல்லை, கொளுத்தியவன் நான்தான். அதனால் மனதுக்குள் முதல் லயத்திலிருந்து கதவு கதவாக நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, அந்த வீட்டுக்காரர் பெயரைத் திரையில் விரல் வைத்து வாய்விட்டுப் படித்தேன். எண்பத்திரண்டாவது பெயரையும் சொல்லி முடித்த பிறகே விசையை அணைத்தேன்.