பச்சை வயர்

"போயிடுத்தா பாரு!" என்று அலமாரிக்குப் பின்னாலிருந்து வாஞ்சிநாதன் கத்தினார். வெளியே அவருடைய இரண்டு கால்கள் மட்டும்தான் தெரிந்தன.

"எது போகணும்? உங்க சத்தமா, பெட்டி சத்தமா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் அவர் மனைவி ஜகதாம்பாள்.

"பெட்டிடீ! ஸ்பீக்கர்லேர்ந்து ‘ம்ம்ம்’னு வரதே, அது!"

"அது பாட்டுக்கு வந்துண்டே இருக்கு."

வாஞ்சிநாதன் பெருமூச்சு விட்டார். கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்த டார்ச் லைட் கீழே விழுந்து உருண்டு ஓடியது. கல்கத்தா துறைமுகத்தில் கணக்கு அதிகாரியாக இருபது வருஷம் குப்பை கொட்டிய மனிதருக்கு, ஆபீஸ் விட்டு வந்து வேஷ்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒட்டடைக்குள் தலையை விட வேண்டும் என்று என்ன தலையெழுத்து?

தலையெழுத்தின் பெயர் பட்டாபி. கூட வேலை பார்ப்பவர், வீடு பெஹாலாவில். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர்கள் சிலர் ஞாயிறுதோறும் அவர் வீட்டில் கூடி இசைத்தட்டு கேட்பது வழக்கம். மே மாத வெயிலில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பெஹாலா போய் இறங்கினால் சட்டையைப் பிழியலாம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் தட்டை நிறுத்திவிட்டுப் பட்டாபி விளக்கம் கொடுப்பார் பாருங்கள், அதைப் பொறுப்பதற்குக் கல் நெஞ்சு வேண்டும்.

பொறுத்துப் பொறுத்து அலுத்துப்போய்த்தான் வாஞ்சிநாதன் தானே ஒரு ரிக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிஃபயர், ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு என்று வாங்கி லேக் கார்டன்ஸ் மாடி வீட்டில் இறக்கினார். இனிமேல் கச்சேரி என் வீட்டில்தான் என்று ஆபீஸில் அறிவித்தும் விட்டார்.

பட்டாபி சிரித்தார். "ஞாயித்துக்கிழமை நானே வந்து ஸ்பீக்கர்ல காதை வெச்சுப் பார்க்கறேன் ஓய். துளி இரைச்சல் இருந்தாலும் ஆயுசுக்கும் பெஹாலாதான். சம்மதமா?"

"சம்மதம்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்து சுவிட்சைப் போட்டவருக்குத்தான் இந்த ‘ம்ம்ம்’ வரவேற்பு.

அன்று துழாவித் துழாவி ஒரு வழியாகக் கண்டுபிடித்தார். ரிக்கார்டு பிளேயரிலிருந்து ஒரு பச்சை வயர் அனாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஆம்ப்ளிஃபயர் முதுகில் இருந்த திருகாணியில் மாட்டினார். சட்டென்று அமைதி. ஜன்னலுக்கு வெளியே காக்கை கத்துவதுகூடக் கேட்டது.

"ஜகதா! போயிடுத்து!"

"சந்தோஷம். அப்படியே என் சுருதிப் பெட்டியையும் பார்த்துடுங்கோ. பொங்கலன்னிக்கு ரிப்பேர் பண்றேன்னு பிரிச்சுப் போட்டது, கட்டிலுக்கு அடியில ரெண்டு துண்டா கிடக்கு."

"இரு, முதல்ல ஞாயித்துக்கிழமை ஆகட்டும். அதுவரைக்கும் இந்த செட்டை யாரும் தொடப்படாது, சொல்லிட்டேன்."

"நான் எதுக்குத் தொடறேன்?" என்றாள் ஜகதாம்பாள்.

மறுநாள் சாயங்காலம் அவர் படியேறும்போது, எதிர் வீட்டுக் காமு மாமி இறங்கி வந்துகொண்டிருந்தாள். மத்தியானங்களில் ஜகதாம்பாளிடம் பாட்டுக் கற்றுக்கொள்ள வரும் மாமிகளில் மூத்தவள். "இன்னிக்கு எல்லாருக்கும் குரல் நன்னா நின்னுது ஜகதா!" என்று படியிலிருந்தே குரல் கொடுத்துவிட்டுப் போனாள். வாஞ்சிநாதன் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய் சுவிட்சைப் போட்டார்.

"ம்ம்ம்ம்..."

நேற்றைவிடக் கம்பீரமாக வந்தது. எட்டிப் பார்த்தால் பச்சை வயர் தரையில் கிடந்தது.

"புரிஞ்சுபோச்சு" என்றார். "பஜ்பஜ் லோக்கல் ரயில் போறபோதெல்லாம் இந்த வீடே ஆடறது. ஆட்டத்துல கழண்டு விழுந்திருக்கு."

"ஆமாம், ஆடறது" என்றாள் ஜகதாம்பாள் வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டு.

வயரை மறுபடி மாட்டினார். அதோடு விட்டிருந்தால் பாவம், அவருக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. வீட்டில் எர்த்தே சரியில்லை என்று ஒரு ஞானோதயம் வந்து, இன்னொரு வயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து இழுத்துக்கொண்டு போய்க் குளியலறைத் தண்ணீர்க் குழாயில் சுற்றினார். அன்றைக்கு இருந்த நிசப்தத்தில் தன் இதயத் துடிப்பே கேட்டதாகச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

புதன்கிழமை அவர் ஆபீஸிலிருந்து வந்தபோது வாசலில் கீழ் வீட்டுக் கோஷால் பாபு நின்றிருந்தார். வீட்டுச் சொந்தக்காரர். கன்னத்தில் பாதி சோப்பு நுரை, பாதி ரத்தம்.

"மொஷாய், கோலே கரெண்ட்!" என்று அலறினார். குழாயில் கரண்ட். காலையில் சவரம் செய்யும்போது குழாயைத் தொட்டவருக்கு ஜிவ்வென்று இழுத்து, பிளேடு எங்கேயோ போய்விட்டதாம். அதிலிருந்து யாரையும் குழாயைத் தொட விடவில்லை, தானும் முகம் கழுவவில்லை.

வாஞ்சிநாதன் "மேஷோமஷாய், மேஷோமஷாய்" என்று மாமா முறை கொண்டாடிக் கெஞ்சிக் கூத்தாடி அவரை அனுப்பிவிட்டு மாடிக்கு ஓடினார். இரண்டு வயரும் தரையில்! சுவிட்சைப் போட்டதும் ஸ்பீக்கர் உறுமியது. வந்த ஆத்திரத்தில் வயர்களைச் சுருட்டி மூலையில் எறிந்தார்.

"இந்த வயரே பித்தலாட்டம். கோளாறு வேற எங்கேயோ. ஃபேனை அணை."

"வேர்க்கறதுன்னா."

"அணைடீ. டியூப் லைட்டையும் அணை. ஃபிரிட்ஜைப் பிடுங்கு. எது சத்தம் கொடுக்கறதுன்னு ஒண்ணொண்ணாப் பார்க்கணும்."

இருட்டில், புழுக்கத்தில், இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு மட்டும் முறைத்தது. ‘ம்ம்ம்’ போகவில்லை. சற்று நேரம் கழித்து திடீரென்று நின்றது. சுத்த நிசப்தம்.

"ஆஹா!" என்று துள்ளினார் வாஞ்சிநாதன். "ஃபிரிட்ஜ்தான்! அதோட சூடு அடங்கினதும் நின்னுடுத்து பார்த்தியா!"

"கரண்ட் போயிடுத்துன்னா" என்றாள் ஜகதாம்பாள் களைப்புடன். "தெருவே இருட்டா இருக்கு. உங்க சிவப்பு விளக்கும் இல்லை, பாருங்கோ."

கரண்ட் வந்ததும் ‘ம்ம்ம்’மும் வந்தது. ஆனாலும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. ஃபிரிட்ஜைப் படுக்கையறைக்கு நகர்த்தினார். அங்கே அதைச் சொருகப் பொருத்தமான பிளக் இல்லை என்பது நகர்த்தி முடித்து, இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. வியாழக்கிழமை காலையில் பால் திரிந்திருந்தது. இட்லி மாவு பொங்கிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்திருந்தது.

"இதுக்கு என் சுருதிப் பெட்டியை..." என்று ஆரம்பித்தாள் ஜகதாம்பாள்.

"வாயைத் திறந்தா சுருதிப் பெட்டி! மனுஷன் இங்கே உசிரை விட்டுண்டிருக்கேன்!"

அவள் மாவைத் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு மட்டம் போட்டுவிட்டு ஒரு எலெக்ட்ரிக் மிஸ்திரியைக் கூட்டி வந்தார். மிஸ்திரி டீ குடித்தார், பிஸ்கட் தின்றார், மூலையில் கிடந்த பச்சை வயரை எடுத்துத் திருகாணியில் மாட்டினார். சத்தம் நின்றது. கிளம்பும்போது, இதில் வேறு யாராவது கை வைக்கிறார்களா என்று கேட்டார்.

வாஞ்சிநாதனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் வீட்டிலா? என் சம்சாரத்துக்கு இதை ஆன் பண்ணக்கூடத் தெரியாது!" என்று உடைந்த பெங்காலியில் பொரிந்தார். உள்ளே பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. அன்று மத்தியானம் வந்த மாமிகளையும், அவருக்குத் தலைவலி என்று சொல்லி ஜகதாம்பாள் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள்.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வந்தார். கைகால்கூடக் கழுவாமல் சுவிட்சைப் போட்டார்.

"ம்ம்ம்ம்ம்ம்ம்!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பச்சை வயர் வழக்கம்போல் தரையில் கிடந்தது. போதாக்குறைக்கு வால்யூம் குமிழ் வேறு கோடிக்குத் திரும்பியிருந்தது. வாஞ்சிநாதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு ரயிலிடம் தோற்றுப்போவது என்றால் யாருக்குத்தான் வராது? மிச்சமிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் பெஹாலா பஸ்ஸில் வரிசையாகத் தொங்குவதுபோல் கண்ணில் தெரிந்தது.

"விட்டுடுங்கோன்னா" என்றாள் ஜகதாம்பாள். அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஞாயிறு காலையில் பார்த்தால், இரவல் வாங்கி வந்த சால்டரிங் அயர்னுடன் அலமாரிக்குப் பின்னால் கிடந்தார். இரண்டு விரலையும் வேஷ்டி நுனியையும் சுட்டுக்கொண்டு, ஈயத்தைக் கட்டி கட்டியாக உருக்கி ஊற்றி, பச்சை வயரை ஆம்ப்ளிஃபயர் முதுகோடு பற்ற வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பத்த வெச்சுட்டேளா?" ஜகதாம்பாளின் குரல் இறங்கியிருந்தது.

"ஆமாம். இனிமே பஜ்பஜ் லோக்கல் என்ன, ராஜதானி எக்ஸ்பிரஸே மாடியேறி வந்தாலும் கழலாது!"

அவள் கொஞ்ச நேரம் அந்த ஈயக் கட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிரமித்துப் போய்விட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். ஃபேன் ஓடியது, டியூப் லைட் எரிந்தது, ஃபிரிட்ஜ் பழைய இடத்தில் நின்று முனகியது. பட்டாபி முழங்கால் சடசடக்க மண்டி போட்டு ஸ்பீக்கரில் காதை வைத்தார். இடது ஸ்பீக்கர், வலது ஸ்பீக்கர், மறுபடி இடது. கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்.

"என்ன ஓய், கேக்கறதா?" என்றார் வாஞ்சிநாதன் சுட்ட விரலை ஊதிக்கொண்டே.

பட்டாபி மெதுவாக எழுந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. "இல்லை வாஞ்சி. துளிகூடச் சத்தம் இல்லை. தோத்துட்டேன். இனிமே ஞாயித்துக்கிழமை இங்கேதான்."

வாஞ்சிநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த வாரத்து அலுப்பெல்லாம் ஒரே நொடியில் இறங்கிப்போயிற்று. பச்சை வயரைத் தன் கையாலேயே பற்ற வைத்த பெருமையை அளந்துகொண்டே, எல்லோருக்கும் காபி கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

ஜகதாம்பாளுக்கு ஒத்தாசையாகக் காபித் தட்டை ஏந்திக்கொண்டு வந்த காமு மாமி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"துளிகூடச் சத்தம் இல்லையா? ஐயையோ ஜகதா, நம்ம கிளாஸுக்கு சுருதி வேணும்னு நீ தினம் பிடுங்கி விடுவியே, அந்தப் பச்சை வயரை மாமா பத்த வெச்சுட்டாராடி?"